கர்ப்பப்பை அறுவைக்குப் பிறகு எந்த பேடு வாங்குவது?

கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் மாதவிலக்கு நின்றுவிடும், இனி பேடுக்கே வேலையில்லை என்று நினைத்துக்கொண்டு வெறுங்கையோடு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் நிறையப் பேர். அறுவை முடிந்த அன்றே பேடு தேவைப்படும். அதன் பிறகு லேசாகவோ கூடுதலாகவோ ஆறு வாரம் வரைக்கும் தேவைப்படலாம். வயிற்றைத் திறந்து எடுத்தாலும், லேப்ராஸ்கோப்பியில் சிறு துளைகள் வழியாக எடுத்தாலும், கீழ்வழியாக எடுத்தாலும் இதில் பெரிய வித்தியாசம் கிடையாது.

காரணம் இதுதான். கர்ப்பப்பையோடு அதன் வாயையும் எடுத்துவிட்ட பிறகு, பிறப்புறுப்பின் உள்முனையை மருத்துவர் மடித்துத் தைத்து மூடுகிறார். அந்தத் தையல் தானாகக் கரையும் நூலால் போட்டது. அது ஆறும் வரைக்கும் கசிவு இருக்கும். முதல் இரண்டு மூன்று நாள் சிவப்பாக, பிறகு இளஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ, கடைசியில் மஞ்சள் கலந்த வெள்ளையாக வரும். இரண்டாவது வாரத்தை ஒட்டித் தையல் கரையத் தொடங்கும்போது, நின்றுபோன கசிவு மறுபடி ஓரிரு நாள் எட்டிப்பார்ப்பது உண்டு. பேடில் நூல் துணுக்கு ஒட்டியிருந்தாலும் பதற வேண்டாம்.

ஆக, இது மாதவிலக்கு மாதிரி நான்கு நாள் கொட்டி நிற்கும் போக்கு இல்லை. அளவு குறைவு, நாள் அதிகம். பேடு தேர்வு செய்வதன் மொத்தச் சூட்சுமமும் இதில்தான் இருக்கிறது. கடையில் போய் ‘இருப்பதிலேயே அதிகம் உறிஞ்சுவதைக் கொடுங்கள்’ என்று கேட்காதீர்கள். ஆறு வாரம் தோலை உறுத்தாத பேடு வேண்டும். என்ன வருகிறது, எவ்வளவு வருகிறது என்பதை மறைக்காமல் காட்டும் பேடு வேண்டும். உறிஞ்சும் திறன் மூன்றாவதாகத்தான் வரும்.

மேல்தாளைத் தொட்டுப் பாருங்கள்

நம் ஊர்க் கடைகளில் கிடைப்பவை இரண்டு வகைக்குள் அடங்கிவிடும். ஒன்று ‘ட்ரை நெட்’. சிறு துளைகள் போட்ட மெல்லிய பிளாஸ்டிக் தாள் மேலே இருக்கும். இன்னொன்று ‘காட்டன்’, ‘காட்டன் சாஃப்ட்’ என்று எழுதியிருக்கும் துணிபோன்ற மேல்தாள். பெயரில் காட்டன் இருந்தாலும் பலவற்றில் இருப்பது பருத்தி அல்ல, பாலிப்ரொப்பிலீன் இழை. பருத்திதானா என்று தெரிய உறையின் பின்பக்கம் மூலப்பொருள் பட்டியலைப் படியுங்கள்.

ட்ரை நெட் ஈரத்தைச் சட்டென்று கீழே இறக்கிவிடும். மாதவிலக்கில் அது வசதி. அறுவைக்குப் பிறகு அதுவே தொல்லையாகிறது. அறுவைக்கு முன் முடி நீக்கியிருப்பார்கள், கிருமிநாசினி தடவியிருப்பார்கள். அதனால் தோல் ஏற்கெனவே வறண்டு எரிச்சலோடு இருக்கும். ஐந்தாறு நாளில் முள்போல முடி முளைக்கும். அந்த நேரத்தில் வியர்வையோடு பிளாஸ்டிக் வலை ஒட்டி ஒட்டிப் பிரியும்போது தொடை இடுக்கில் தோல் உரிந்துவிடுகிறது. எனவே துணிபோன்ற மேல்தாளே நல்லது. அதிலும் வெள்ளை நிறம், வாசனை சேர்க்காதது. பூப்போட்ட, நிறம் ஏற்றிய மேல்தாள் கசிவின் நிறத்தை மறைக்கும். வாசனை சேர்த்தது இரண்டு விதத்தில் கெடுதல்: தோலை அரிக்கும், தொற்று வந்தால் முதலில் தெரியவேண்டிய கெட்ட வாடையையும் அமுக்கிவிடும்.

இரண்டு மூன்று வகையில் சின்ன பாக்கெட் வாங்கி, அறுவைக்கு ஒரு வாரம் முன்பே வீட்டில் சோதித்துவிடுங்கள். பேடை முழங்கையின் உள்மடிப்பில் வைத்து, கையை மடக்கி, பத்து முறை முன்னும் பின்னும் தேயுங்கள். அங்கே சிவந்தால் கீழேயும் சிவக்கலாம். அடுத்தது உறிஞ்சும் சோதனை. விளம்பரத்தில் நீலத் தண்ணீர் ஊற்றிக் காட்டுவதை வைத்து முடிவெடுக்க முடியாது. உள்ளே இருக்கும் ஜெல் தூள் வெறும் தண்ணீரை ஏராளமாகக் குடிக்கும். உப்பு கலந்த திரவத்தை அந்த அளவுக்குக் குடிக்காது. ரத்தமும் உடல் கசிவும் உப்புள்ளவை. அதனால் இப்படிச் செய்யுங்கள்:

1. 200 மி.லி. தண்ணீரில் கால் டீஸ்பூனுக்குச் சற்று மேல் உப்பைக் கரையுங்கள். நிறத்துக்கு இரண்டு ஸ்பூன் காபி டிகாக்‌ஷன் விடுங்கள்.
2. மருந்துக்கடை சிரிஞ்சில் 10 மி.லி. எடுத்து, பேடின் நடுவில் ஒரே இடத்தில் மெதுவாக விடுங்கள்.
3. ஒரு நிமிடம் கழித்து வெள்ளைத் துணி அல்லது டிஷ்யூவை மடித்து அதன்மேல் வைத்து, உள்ளங்கையால் நன்றாக அழுத்துங்கள்.
4. துணியைப் பாருங்கள். பிறகு பேடில் கறை எவ்வளவு அகலம் பரவியிருக்கிறது என்பதைப் பாருங்கள்.

துணி நன்றாக நனைந்தால் அந்த பேடு ஈரத்தைத் திருப்பித் தோலுக்கே தருகிறது என்று அர்த்தம், விட்டுவிடுங்கள். திரவம் உருண்டு ஓரத்துக்கு ஓடினாலும் வேண்டாம். துணியில் லேசான ஈரம் மட்டும், பேடில் தெளிவான ஒரு வட்டக் கறை என்றால் அது நமக்கானது. அந்த 10 மி.லி. கறையின் அகலத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ‘எவ்வளவு பட்டது?’ என்று மருத்துவர் கேட்கும்போது, இது மாதிரி ஒன்று, இது மாதிரி இரண்டு என்று உங்களால் சொல்ல முடியும்.

நீளமும் ஜட்டியும்

பேடின் நீளம் மில்லிமீட்டரில் உறைமேல் இருக்கும். எக்ஸ்எல், டபுள் எக்ஸ்எல் என்பது ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒவ்வொரு மாதிரி, அதை நம்பாமல் எண்ணைப் பாருங்கள். பகலில் 280 மி.மீ. போதும். படுத்திருக்கும் நேரத்துக்கும் இரவுக்கும் 320 மி.மீ. நல்லது. 400 மி.மீ. கேட்கப் பாதுகாப்பாகத் தோன்றும், ஆனால் அடிவயிற்றில் குறுக்கே தையல் போட்டவர்களுக்கு அதன் முன்விளிம்பு தையலுக்குக் கிட்டப் போய் உட்காரும். உட்கார்ந்து எழுந்திருக்கும் ஒவ்வொரு முறையும் உரசும்.

பேடைவிட அதிகம் வேதனை கொடுப்பது பேடை ஒட்டும் ஜட்டிதான். குறுக்குத் தையல் பொதுவாக அடிவயிற்று முடிக்கோட்டுக்குச் சற்று மேலே இருக்கும். நாம் வழக்கமாகப் போடும் ஜட்டியின் எலாஸ்டிக் சரியாக அங்கேதான் உட்காரும். இரண்டு அளவு பெரியதாக, தொப்புள்வரை ஏறும் பருத்தி ஜட்டி ஆறு வாங்குங்கள். வாங்கியதும் போட்டுப் பார்க்கும்போது நின்றபடி பார்த்தால் போதாது. நாற்காலியில் உட்காருங்கள். நிற்கும்போது மேலே இருந்த எலாஸ்டிக், உட்கார்ந்ததும் வயிற்று மடிப்புக்குள் சுருண்டு இறங்கும். அப்படி இறங்கித் தையல் வரும் இடத்தைத் தொட்டால் அந்த ஜட்டி உதவாது. வயிற்று பெல்ட் போடச் சொல்லியிருந்தால், அதன் கீழ்விளிம்பு எலாஸ்டிக்கைக் காயத்தில் அமுக்குகிறதா என்பதையும் பாருங்கள்.

பழைய ஜட்டியைப் போட வேண்டாம். எலாஸ்டிக் தளர்ந்திருக்குமே, இறுக்காதே என்று தோன்றும். ஆனால் தளர்ந்த ஜட்டியில் பேடு உடம்போடு ஒட்டி நிற்காமல் தொங்கும், கசிவு ஓரமாக வழிந்து தொடையை நனைக்கும். இடுப்பில் தளர்வு, தொடையில் பிடிப்பு: அதுதான் வேண்டும்.

ஜட்டியே போட முடியாதவர்களுக்கு இடுப்பு எலாஸ்டிக்கோடு வரும் பழையகால பெல்ட் பேடு இன்றும் பிரசவ பேடு என்ற பெயரில் கிடைக்கிறது. அதன் எலாஸ்டிக் தையலுக்கு மேலே இடுப்பில் நிற்கும். முதல் சில நாளுக்கு வசதிதான். நடமாடத் தொடங்கியதும் முன்னும் பின்னும் நகரும், அப்போது மாற்றிக்கொள்ளலாம்.

எத்தனை வாங்குவது

முதல் மூன்று நாளுக்கு ஒரு நாளைக்கு 6, நான்காம் நாளிலிருந்து இரண்டாம் வார முடிவுவரை ஒரு நாளைக்கு 4 என்று கணக்கு வைத்தால் 62 வரும். அதன் பிறகு பெரும்பாலும் மெல்லிய பேண்ட்டிலைனர் போதும், ஒரு நாளைக்கு இரண்டு மூன்று. இது கசிவின் அளவுக்கான கணக்கு அல்ல. பேடு நிறையாவிட்டாலும் நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டும் என்பதற்கான கணக்கு. மொத்தத்தையும் ஒரே பிராண்டில் முன்கூட்டி வாங்கிக் குவிக்காதீர்கள். 20 பேடோடு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஒத்துக்கொண்டால் அதையே வாங்கிவரச் சொல்லலாம்.

செலவைப் பார்ப்பவர்கள் மக்கள் மருந்தகத்தில் சுவிதா பேடைக் கேட்கலாம், ஒன்று 1 ரூபாய்க்குத் தருகிறார்கள். மேலே சொன்ன சோதனைகளை அதற்கும் செய்து பாருங்கள். சானிட்டரி நாப்கினுக்கு 2018 ஜூலையிலிருந்து ஜிஎஸ்டி கிடையாது. பில்லில் வரி சேர்த்திருந்தால் தயங்காமல் கேளுங்கள்.

ஆஸ்பத்திரியில் முதல் இரண்டு நாள்

கீழ்வழியாக அறுவை செய்தவர்களுக்கு உள்ளே நீளமான காஸ் துணி வைத்திருப்பார்கள். பெரும்பாலும் மறுநாள் நர்ஸ் அதை எடுப்பார். எடுத்ததும் கொஞ்சம் ரத்தம் வரும், அப்போது புது பேடு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். பெரும்பாலானவர்களுக்குச் சிறுநீர் வடியக் குழாய் (கதீட்டர்) போட்டிருப்பார்கள். அது இருக்கும்வரை ஜட்டி போடுவது சிரமம். பேடைக் கால்களுக்கு நடுவே வைத்து, கீழே 60×90 செ.மீ. அண்டர்பேடு (படுக்கை நனையாமல் விரிக்கும் உறிஞ்சு விரிப்பு) விரித்தால் போதும். பேடு குழாயின்மேல் ஏறி மடக்கிவிடாமல் அட்டெண்டர் பார்த்துக்கொள்ள வேண்டும். மடங்கினால் சிறுநீர் பைக்கு வராமல் அடிவயிறு உப்பி வலிக்கும்.

பலர் பயந்துவிடும் ஒரு தருணம் உண்டு. நெடுநேரம் படுத்திருந்து முதல்முறை எழுந்து நிற்கும்போது, கால் வழியாகக் குபுக்கென்று கொஞ்சம் இறங்கும். படுத்திருந்தபோது உள்ளே தேங்கியதுதான் அது. கருஞ்சிவப்பாக இருக்கும், அரை நிமிடத்தில் நின்றுவிடும். எழுவதற்கு முன்பே புது பேடு வைத்துக்கொண்டு எழுந்தால் தரையும் நனையாது, மனமும் பதறாது. நிற்காமல் பளிச்சென்ற சிவப்பாகத் தொடர்ந்து வந்தால் அது வேறு விஷயம், உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள்.

பெரியவர்களுக்கான டயப்பரை வாங்கி வைத்துவிடுவது இப்போது வழக்கமாகி வருகிறது. இயல்பாக எழுந்து பாத்ரூம் போக முடிகிறவர்களுக்கு அது வேண்டாம். இடுப்புப் பட்டை தையலின்மேல் ஒட்டும், உள்ளே சூடு கூடும், என்ன பட்டது எவ்வளவு பட்டது என்பதும் அந்தப் பெரிய பஞ்சில் தெரியாது.

மாற்றும் முறை

குனிவதுதான் இங்கே பிரச்சினை. குனியாமல் செய்ய ஒரு வரிசை இருக்கிறது.

முதலில் கையை சோப்பு போட்டுக் கழுவுங்கள், பேடைத் தொடும் கைதான் காயத்துக்குப் பக்கத்தில் போகிறது. புது ஜட்டியை மடியில் விரித்துவைத்து அதில் பேடை ஒட்டுங்கள். பகலில் நடுவாக ஒட்டலாம். படுக்கப் போகிறீர்கள் என்றால் மூன்று நான்கு செ.மீ. பின்பக்கம் தள்ளி ஒட்டுங்கள், மல்லாந்து படுத்தால் கசிவு பின்னால்தான் ஓடும். விங்ஸை ஜட்டியின் அடியில் நன்றாக மடித்து அழுத்துங்கள். அரைகுறையாக ஒட்டிய விங்ஸ் சுருண்டு, அதன் பசை தொடைத் தோலைப் பிடித்து இழுக்கும்.

பிறகு கட்டில் ஓரத்திலோ வெஸ்டர்ன் டாய்லெட்டிலோ உட்கார்ந்தபடி பழையதை முழங்காலுக்குக் கீழே தள்ளி, ஒரு காலை உயர்த்தி மற்றக் காலால் கழற்றுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரால் முன்னாலிருந்து பின்னோக்கிக் கழுவி, மெத்தென்ற பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். தேய்க்க வேண்டாம். டெட்டால் விட்ட தண்ணீரும் வேண்டாம், தோலை எரித்துவிடும். உள்ளே தண்ணீர் பீய்ச்சிக் கழுவக் கூடவே கூடாது. உட்கார்ந்தபடியே புது ஜட்டியில் கால்களை நுழைத்து, எழுந்து நின்று, இரண்டு கையாலும் முன்புறத்தைத் தையலிலிருந்து தள்ளிப் பிடித்தபடி மேலே இழுத்துவிடுங்கள். வயிற்றுத் தையலுக்கும் துணிக்கும் நடுவே சுத்தமான கைக்குட்டையை மடித்து வைக்கலாம், டிரெஸ்ஸிங் எடுத்த பிறகு இது நல்ல சுகம் தரும். பேடின் பசைப்பக்கம் மட்டும் தையல் தோலில் படக் கூடாது.

கழற்றிய பேடைச் சுருட்டுவதற்கு முன் ஒரு நொடி விரித்துப் பாருங்கள். நேரம், நிறம், எத்தனை விரல் அகலக் கறை: மூன்றையும் ஒரு காகிதத்தில் எழுதுங்கள். பிறகு செய்தித்தாளில் சுற்றி, மறைவாகக் கட்டி, குப்பை வண்டியில் தனியாகக் கொடுங்கள். டாய்லெட்டில் போட்டால் ஜெல் ஊறிக் குழாய் அடைத்துக்கொள்ளும். எரித்தால் பிளாஸ்டிக் புகை வீட்டுக்குள்தான் வரும்.

டாம்பூன், மாதவிலக்குக் கப் இரண்டும் இந்த ஆறு வாரம் கூடாது. உள்ளே வைக்கும் எதுவும் தையலுக்குக் கிருமியைக் கொண்டுபோகும். வெறும் பஞ்சைப் பிய்த்து வைக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். இழைகள் பிரிந்து ஈரத்தோடு ஒட்டிக்கொள்ளும், குறிப்பாகக் கீழே வெளித் தையல் இருப்பவர்களுக்கு அதை எடுப்பது பெரிய அவஸ்தை.

பழைய சேலைத் துணி? அதன் மென்மைக்கு ஈடு கிடையாது, அம்மாக்கள் சொல்வது உண்மைதான். ஆனால் தண்ணீர் கஷ்டத்திலும் மழைக்காலத்திலும், கொடியில் வேறு துணிக்கு அடியில் மறைத்து உலர்த்தும் வீடுகளிலும் அது சரியாகக் காய்வதில்லை. ஈரம் தங்கிய மடிப்பில் கிருமி வளரும். முதல் இரண்டு வாரம் கடை பேடே இருக்கட்டும். மூன்றாவது வாரத்திலிருந்து, சோப்பு போட்டு அலசி, நேர் வெயிலில் முழுதாகக் காயவைத்து, இஸ்திரி போட்ட துணி என்றால் தாராளமாக வைக்கலாம்.

தோல் சிவந்தால்

எங்கே சிவந்திருக்கிறது என்பதிலேயே காரணம் தெரியும். பேடின் ஓரக்கோட்டை அப்படியே வரைந்த மாதிரி இரண்டு பக்கமும் சிவப்புக் கோடு இருந்தால் உரசல், மேல்தாளையோ அளவையோ மாற்றுங்கள். பேடு படும் இடம் முழுவதும் சிவந்து எரிந்தால் ஈரமோ வாசனைப் பொருளோ காரணம். இரண்டு நாள் பருத்தி மேல்தாளுக்கு மாறி, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். படுத்திருக்கும்போது அரைமணி நேரம் பேடு இல்லாமல் அண்டர்பேடின்மேல் காற்றாடவிடுங்கள். தொடை இடுக்கில் பெட்ரோலியம் ஜெல்லி மெல்லியதாகத் தடவலாம். அப்பினால் பேடில் ஒட்டி அதன் துளைகளை அடைத்துவிடும். தையலில் தடவக் கூடாது. மடிப்புகளுக்குள் கடும் அரிப்பும் தயிர்த் திப்பிபோல வெள்ளையும் வந்தால், ஆன்டிபயாடிக் எடுத்தவர்களுக்கு வரும் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். பேடை மாற்றிப் பயனில்லை, மருத்துவரிடம் காட்டுங்கள்.

பேடு சொல்லும் ஆபத்து அறிகுறிகள்

ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பேடு முழுக்க நனைந்தால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கட்டி கட்டியாக வந்தாலும், குறைந்துவந்த போக்கு திடீரென்று பளிச்சென்ற சிவப்பாகக் கூடினாலும் அன்றைக்கே தெரிவியுங்கள். மீன் அழுகியது போன்ற வாடை, பச்சை கலந்த சீழ், 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல் இவையும் அப்படித்தான். அடிவயிற்றில் திடீர் வலியோடு ஏதோ வெளியே பிதுங்குவது போலிருந்தால் உள்தையல் பிரிந்திருக்கலாம். உடனே படுங்கள், உள்ளே தள்ளாதீர்கள், சுத்தமான ஈரத்துணியால் மூடிக்கொண்டு 108-ஐ அழையுங்கள்.

இன்னொன்று பலரும் கவனிக்காமல் வாரக்கணக்கில் பேடு மாற்றிக்கொண்டே இருந்துவிடுவது. அறுவை முடிந்து ஒன்றிரண்டு வாரத்தில், இருமாமல் தும்மாமல், படுத்திருக்கும்போதும் தண்ணீராகவே கசிந்துகொண்டிருக்கிறதா? பேடைப் பாருங்கள். கறை நடுவில் தெளிவில்லாமல், வெளிவட்டம் மட்டும் வெளிர் மஞ்சளாக, காய்ந்ததும் மூத்திர வாடை அடித்தால், சிறுநீர்ப்பையிலிருந்தோ, சிறுநீரகத்திலிருந்து அதற்கு வரும் உடலின் உள்குழாயிலிருந்தோ பிறப்புறுப்புக்குள் ஒழுகுகிறது என்று சந்தேகப்பட வேண்டும். பெரிய பேடுக்கு மாறுவது இதற்குத் தீர்வே அல்ல. வெட்கப்பட்டு மறைத்தால் தோல் வெந்துபோகும், நாளும் போகும். பேடையே ஒரு பையில் போட்டு எடுத்துப்போய்க் காட்டுங்கள், சரிசெய்யக்கூடியதுதான். இருமும்போது மட்டும் சில சொட்டு விடுவது வேறு, அதையும் சொல்லுங்கள், ஆனால் அது இந்த அவசரம் இல்லை.

கர்ப்பப்பையை மட்டும் எடுத்துவிட்டு அதன் வாயை விட்டுவைத்திருந்தால், பின்னாலும் மாதம் ஒருமுறை லேசாகக் கறை படலாம். உங்களுக்கு எது எடுத்தார்கள் என்பதை டிஸ்சார்ஜ் சம்மரியில் பார்த்தோ கேட்டோ தெரிந்துகொள்ளுங்கள்.

ஆறாவது வாரப் பரிசோதனைக்கு, எழுதிவைத்த அந்தக் காகிதத்தையும் எடுத்துப்போங்கள். கசிவு முற்றிலும் நின்றிருந்தாலும் கைப்பையில் இரண்டு லைனர் இருக்கட்டும். உள்தையலைப் பார்த்துவிட்டு வரும் அன்றைக்கு லேசாகச் சிவப்பு படக்கூடும்.